அடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடி

ஐயா அவர்களுக்கும் அம்மா அவர்களுக்கும் என் வணக்கம். வாரந்தோறும் இந்தப் பக்கங்களைப் பொறுமையுடன் வாசித்துவரும் தங்களிடம், நான் செய்த ஒரு பிழையை இம்முறை சொல்ல விரும்புகிறேன். என் சிறு பெருமைகளைச் சொன்ன இடத்திலேயே இதனையும் சொல்லி வைப்பதுதான் முறை.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு காலை நேரம் அது. மார்கழி பிறந்து ஓரிரு நாட்களே ஆகியிருக்கலாம். வயல்வெளியில் பனி இடுப்பளவு நின்றது. சாலையில் கம்பெனிப் பேருந்துகள் விளக்கு எரிய, ஓசையின்றி, பனிக்குள் நீந்திப் போய்க்கொண்டிருந்தன. ஓர் ஓட்டுவீட்டின் வாசலில், காகிதத்தாலான கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தின் கீழே, செய்தித்தாளில் சுற்றிய சிறு குப்பி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். எதிரில் எஸ்தர் அம்மாள்.

“நின்னுக்கினே கீறீங்களே ஐயா. உக்காருங்க. டீ குடிப்பீங்களா, இல்ல உங்களுக்கும் பயமா?”

குடிப்பேன் என்றேன். கண்ணாடித் தம்ளரில் தேநீர் வந்தது. இஞ்சியின் மணமும் ஆவியும் பனியோடு கலந்து மேலே போயின. நான் குடிப்பதை அவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு நாட்களாக அவர் கையால் ஒருவரும் ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. அதற்குக் காரணம் நான். அது அப்பொழுது எனக்குப் பாதிதான் தெரிந்திருந்தது.

குப்பியை எதற்காகக் கொண்டுவந்தேன் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அதைச் சொல்லுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கண்ணாடி கழுவியவன்

நான் பட்டம் பெற்றவன் அல்லன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளி என்னைக் கைவிட்டது. பெரியதோர் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான்கள் கழுவும் வேலை கிடைத்தது. சோதனைக் குழாய்கள், தட்டுகள், கழுத்து நீண்ட குடுவைகள். கழுவிக் கவிழ்த்தால் சாளர வெளிச்சம் அவற்றினுள் புகுந்து சுவரில் நீந்தும். நாள் முழுவதும் அந்த வெளிச்சத்தோடு இருந்தேன்.

“உள்ளே என்ன இருந்தது என்று கேட்காதே, கழுவு” என்பதே எனக்குத் தரப்பட்ட முதல் பாடம். ஆயினும் கேட்டேன். யாரும் சொல்லாதபோது, கழிக்கப்பட்ட புத்தகங்களை அகராதியின் துணையோடு வரி வரியாகப் படித்தேன். ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் ஆன காலமும் உண்டு. பின்னர் கூழ் காய்ச்ச விட்டார்கள். கிருமிகளுக்கு உணவாகும் கூழ்தான். கடற்பாசிப் பொருளைக் கொதிக்கவைத்துத் தட்டுகளில் ஊற்றினால், ஆறியவுடன் பாலில்லாத பால்கோவாவைப் போல அசையாமல் உறைந்துவிடும். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தடவி, நம் உடம்பின் சூட்டிலேயே வைத்திருக்கும் பெட்டிக்குள் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மறுநாள் கதவைத் திறந்தால் ஓர் ஊரே எழும்பியிருக்கும்.

முத்துக்களைப் போன்றவை, பனித்துளியைப் போன்றவை, இளஞ்சிவப்பானவை, பச்சை உலோகம்போல் மினுங்குபவை. மனிதரைக் கொல்ல வல்லவை அத்தனை அழகாக இருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியமே. எத்தனையோ முறை பெட்டியின் முன் நின்று, எதற்கு வந்தேன் என்பதை மறந்திருக்கிறேன்.

அந்த மறதிதான் பின்னர் ஒரு பெண்மணியின் தலையில் விடிந்தது.

மாடியில் ஓர் ஆய்வுக்கூடம்

தொண்ணூறுகளின் இறுதியில் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையின் இருபுறமும் கம்பிவேலிகள் எழுந்தன. ஒரகடம் பக்கம் நிலம் அளக்கும் கயிறுகள் வயல்களின் குறுக்கே கிடந்தன. தொழிற்சாலை வந்தால் சமையற்கூடம் வரும். சமையற்கூடம் வந்தால் தண்ணீர்ப் பரிசோதனையும் வரும். ஒரு டாக்டர் அம்மையார், நுண்ணுயிரியலில் பெரும் படிப்புப் படித்தவர், கடைத்தெருவில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து ஆய்வுக்கூடம் தொடங்கினார். அறிக்கையில் கையெழுத்து அவருடையது. தட்டுகளும் குழாய்களும் என் பொறுப்பு.

சில ஆண்டுகள் கழித்து, சுங்குவார்சத்திரத்தில் தொழிற்சாலைப் பெண்களுக்கான விடுதி ஒன்றின் தண்ணீர் எங்களிடம் வரத் தொடங்கியது. தென்மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் அங்கே அறைக்கு எட்டுப் பேராகத் தங்கியிருந்தார்கள். அங்கே சமையல் செய்தவர் எஸ்தர் அம்மாள். நான் காலிப் பாட்டில்களை மொத்தமாக அவரிடம் கொடுத்து வைப்பேன். திங்கட்கிழமை காலையில் அவர் தண்ணீர் பிடித்து வைப்பார். எங்கள் வண்டி அதை எடுத்துக்கொண்டு, ஒரகடம் எல்லாம் சுற்றி, மாலையில் வந்து சேரும். ஒவ்வொரு வாரமும் அந்தத் தண்ணீர் சுத்தம் என்றே வந்தது.

விரல் பதித்த தட்டுகள்

கிருமிகளைப் பற்றிப் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும் என்னும் ஆசை எனக்கு அந்நாளில் மிகுந்திருந்தது. விடுமுறை நாட்களில் தட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் போவேன். வந்தவர்கள் ஆளுக்கொரு தட்டில் விரலைப் பதிப்பார்கள். இரண்டு நாள் கழித்து அதே தட்டுகளை மூடி ஒட்டிக் கொண்டுவந்து காட்டுவேன். தம் விரலின் வடிவிலேயே முளைத்திருப்பதைக் கண்டு அவர்கள் வாய்பிளப்பதைக் காண்பது எனக்கு இன்பம்.

அந்த விடுதியிலும் அவ்வாறே செய்தேன். ஷிப்டுக்குக் கிளம்பும் முன் குளித்து, சோப்பு மணக்க வந்த பெண்கள் விரல் பதித்தார்கள். எஸ்தர் அம்மாளையும் விடாமல் அழைத்தார்கள். அவர் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தவர், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஐந்து விரலையும் அழுத்தினார்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அவருடைய தட்டே எல்லாவற்றிலும் செழித்திருந்தது. வெண்மையும் தந்தநிறமும் பொன்னிறமுமாக, ஓரங்களில் நுண்ணிய சுருக்கங்களோடு, பூத்த தோட்டம்போல் இருந்தது. நான் அதை உயர்த்திப் பிடித்து, “பாருங்கள், எவ்வளவு அழகு” என்றேன். பெண்கள் சிரித்தார்கள். எஸ்தர் அம்மாளும் சிரித்தார்.

பேச்சை முடிக்கும்போது இன்னொன்றும் சொன்னேன்: “நோயே இல்லாதவர் உடம்பிலும் நோய்க்கிருமி தங்கியிருக்கலாம். சமைக்கும் கையின் வழியாக அது பலருக்குப் போகலாம்.” சொன்னது உண்மைதான். கைதட்டினார்கள். தேநீர் கொடுத்தார்கள். எஸ்தர் அம்மாள் போட்ட தேநீர்.

காய்ச்சல்

அந்த ஆண்டு ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்தது. மழை ஓய்ந்த நாட்களில் விடுதியில் காய்ச்சல் கண்டது. முதலில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்ணான செல்வராணி. பிறகு அவளுடைய அறையில் இன்னும் இருவர். பிறகு மேல்மாடி. இரத்தப் பரிசோதனைக்கு எங்களிடமே அனுப்பினார்கள். பெட்டியைத் திறந்தபோது தட்டில் நிறமற்ற, கண்ணாடித் துளி போன்ற புள்ளிகள் நின்றன. மேற்கொண்டு சோதித்ததில் டைபாய்டு என்று உறுதியாயிற்று.

விடுதி மேலாளர் எங்கள் மாடிக்கு வந்தார். கையில் எங்கள் அறிக்கையே இருந்தது.

“வாட்டர் ஓகேன்னு நீங்களே குடுத்துட்டீங்க சார். ‘குடிக்க ஏற்றது’ன்னு சீல் இருக்கு. அப்போ கிச்சன்தானே? அந்தம்மா தட்டுல என்ன வளர்ந்துச்சுன்னு அத்தனை பொண்ணுங்களும் பார்த்திருக்காங்க.”

“அது வேறு ஐயா. அது நோய்க்கிருமி அன்று.”

“உங்களுக்குத் தெரியும். சாப்பிடுற பொண்ணுங்களுக்கு யாரு சொல்றது? லைன்ல ஆள் இல்ல, சூப்பர்வைசர் என்னைப் புடுங்குறாரு. அந்தம்மாவைக் கொஞ்ச நாள் வீட்டுல இருக்கச் சொல்லிட்டேன். நீங்க டெஸ்ட் பண்ணி எழுதிக் குடுங்க.”

மருத்துவமனையில் செல்வராணியைப் பார்க்கப் போனேன். தலைமுடி கொத்தாய் உதிர்ந்து தலையணையில் கிடந்தது. நான் மெதுவாக எஸ்தர் அம்மாளின் பெயரை எடுத்தேன்.

“அவிய நல்லவியதான் சார். எனக்குத் தனியா ரசம் வச்சித் தந்துருக்காவ. ஆனா நீங்கதான சொன்னிய, சமைக்கவங்க கையில இருந்து வரும்னு? தட்டையும் தூக்கிக் காமிச்சிய. அம்புட்டையும் பாத்தபொறவு எப்பிடி சார் வாயில சோறு எறங்கும்?”



பிள்ளைப்பாக்கத்துத் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் அன்று ஊருக்கே உணவு உண்டு. பல ஆண்டுகளாக அண்டாவின் முன் நின்று அதைச் சமைத்தவர் எஸ்தர் அம்மாள். செய்தி அங்கும் போய்ச் சேர்ந்தது. “இந்த வருஷம் நீ ஒக்காந்து சாப்புடு, வேற யாராவது செய்யட்டும்” என்று சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மரியாதையாகத்தான் சொன்னார்களாம்.

குழாயடி

இனி அந்த மார்கழிக் காலைக்குத் திரும்புகிறேன்.

தேநீர் தீர்ந்தது. தம்ளரின் அடியில் இஞ்சித் துணுக்கு ஒன்று கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டு, தங்கள் மலத்தைப் பரிசோதிக்க வேண்டியுள்ளது, இக்குப்பியில் சிறிதளவு தர வேண்டும், அதுவும் மூன்று முறை தர வேண்டும் என்று ஒருவாறு சொல்லி முடித்தேன்.

எஸ்தர் அம்மாள் குப்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

“இத்த சொல்லத்தான் இம்மாம் நேரம் முழிச்சிக்கினு இருந்தீங்களா? நாலு புள்ள பெத்தவளுக்கு இன்னா ஐயா வெக்கம்? குடுங்க இங்க.”

குப்பியை வாங்கிக்கொண்டு நேரே குழாயடிக்குப் போனார். தேங்காய்நாரும் சாம்பலும் எடுத்தார். மூடியைத் திறந்து உள்ளே விரலைவிட்டுத் தேய்க்கத் தொடங்கினார்.

“அம்மா, கழுவாதீர்கள்! அது சுத்தமானது.”

“ஆமா, நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க. உங்க தண்ணி பாட்டிலுகூடத்தான். ஒவ்வொண்ணுத்துலயும் அடியில வெள்ளையா இன்னாமோ ஒட்டிக்கினு இருக்கும். ஒரு நாளாவது கேட்டிருப்பேனா உங்கள? பாவம், வயசானவரு, கண்ணு சரியா தெரியல போல கீதுன்னு, நானே நல்லா தேய்ச்சிக் கழுவிட்டுத்தான் தண்ணி புடிப்பேன்.”

நான் எழுந்து நின்றேன். பனிக்குள் எங்கோ ஒரு பேருந்து ஒலியெழுப்பியது. குழாய் நீர் அவர் விரல்களின் மேல் வெயில்பட்டு மினுமினுத்தது.

“எல்லாப் பாட்டிலையுமா அம்மா?”

“ஒண்ணு வுடாம. ஐயா கைக்குப் போற சாமானாச்சே.”

அந்தப் பொடி என்ன என்பதை வாசகர்களாகிய தாங்கள் அறிய வேண்டும். தண்ணீரில் போடும் பிளீச்சிங் பவுடர் கிருமிகளைக் கொல்லும். பாட்டிலில் அடைத்த பின்னும், வண்டியில் போகும்போதும் கொன்றுகொண்டே இருக்கும். மாலையில் எங்களிடம் வந்து சேரும்போது உள்ளே எதுவும் உயிரோடு இராது. ஆகவே பாட்டிலின் அடியில் ஒரு சிட்டிகை வேறொரு மருந்தைப் போட்டு வைப்போம். தண்ணீர் உள்ளே விழுந்த நொடியிலேயே அது பிளீச்சிங் பவுடரின் கையைப் பிடித்து நிறுத்திவிடும். அந்த நொடியில் தண்ணீர் எப்படி இருந்ததோ, அதற்குப் பிடித்த புகைப்படம்போல எங்களிடம் வந்து சேரும்.

அவ்விடுதியில் வாரம் ஒருமுறை, திங்கட்கிழமை காலையில்தான் தொட்டியில் பவுடர் போடுவார்கள். பாட்டில் நிரம்புவதும் அதற்கடுத்த சற்று நேரத்தில்தான். பொடி கழுவப்பட்ட பாட்டிலில் வண்டிப்பயணம் முழுவதும் கிருமிகள் செத்துக்கொண்டே வந்திருக்கின்றன. பவுடரின் வீரியமோ ஓரிரு நாளில் தணிந்துவிடும். நான் தூய்மையானதென்று சான்றளித்தது திங்கட்கிழமைத் தண்ணீருக்கு. பெண்கள் குடித்ததோ ஏழு நாள் தண்ணீர்.

தம் தூய்மையினாலேயே அவர் பழியில் சிக்கியிருந்தார். பாட்டில் கழுவுவதையே முதல் உத்தியோகமாகக் கொண்டு, அதில் என்ன இருந்தது என்று எவரும் சொல்லாததற்காக நொந்த நான், அவரிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

சிறு குழாயில் ஒரு குமிழி

ஞாயிற்றுக்கிழமை நானே பாட்டில்களை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய் நானே தண்ணீர் பிடித்தேன். மடியிலேயே வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தேன்.

இச்சோதனையில் கத்தரிப்பூ நிறத்துக் கரைசலில் தண்ணீரை விடுவோம். உள்ளே விரல்நுனி அளவு சிறு குழாய் ஒன்று தலைகீழாக மூழ்கியிருக்கும். மலத்திலிருந்து வரும் கிருமிகள் இருப்பின் கரைசல் மஞ்சளாகும். சிறு குழாயின் உச்சியில் காற்றுக் குமிழி சேரும். எத்தனையோ ஆயிரம் முறை பார்த்ததுதான். ஆயினும் மறுநாள் மற்ற வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு முதலில் அந்தப் பெட்டியின் கதவைத் திறந்தேன்.

குழாய்கள் யாவும் சாமந்தி நிறத்தில் நின்றன. ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு குமிழி, பிறை போல.

டைபாய்டுக் கிருமியையே அந்நீரில் கண்டேன் என்று சொல்லமாட்டேன், காணவில்லை. கழிவுநீர் கலந்திருந்தது என்பதை மட்டும் கண்டேன். எஸ்தர் அம்மாளின் மூன்று குப்பிகளிலும் டைபாய்டுக் கிருமி இல்லை.

டாக்டர் அம்மையாரின் முன் பழைய தண்ணீர் அறிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்தேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

“இது வெளிய தெரிஞ்சா, எல்லா ஹாஸ்டல்காரங்களும் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிட்டு வருவாங்க. தெரியுமில்ல?”

“தெரியும் அம்மா.”

“பாட்டிலை அவங்ககிட்ட விட்டுட்டு வந்தது நீங்க. விசாரிக்காம கையெழுத்துப் போட்டது நான்.” பேனாவைத் திறந்தார். “எழுதுங்க. தப்பு எங்களோடதுன்னு முதல் வரியிலயே எழுதுங்க.”

விடுதியின் தரைக்கடித் தொட்டியைக் காலிசெய்து பார்த்தபோது, குளியலறைச் சாக்கடை போகும் பக்கத்துச் சுவரில் நீளமாக விரிசல் இருந்தது. மழை அந்த வழியைத் திறந்துவிட்டிருக்கிறது.

இரண்டு அறிக்கைகள்

ஒரு பிற்பகல், ஒரு ஷிப்டு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடைவேளையில், விடுதியின் உணவுக்கூடத்தில் பெண்களைக் கூட்டினார்கள். எஸ்தர் அம்மாளையும் வரச்சொல்லியிருந்தேன். அவர் உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் முதலில் தவறான அறிக்கையை வாசித்தேன். பின்னர் சரியானதை. பாட்டிலின் கதையைச் சொன்னேன். குற்றம் எங்களுடையது என்றேன். மஞ்சள் குழாய்களைக் காட்டினேன்.

தலையில் துண்டு கட்டியிருந்த செல்வராணிதான் கேட்டாள்.

“அப்பம் அந்தத் தட்டு சார்? அவிய கையில முளைச்சது?”

“அது இட்லி மாவம்மா. மாவைப் புளிக்க வைக்கும் உயிர்கள்தான் பெரும்பாலும். அவற்றால் தீங்கில்லை.”

“ஏ யம்மா! தெனமும் நாலு நாலா முழுங்குனோமே, அதுவா?”

பின்வரிசையில் ஒருத்தி, “ஏட்டி, நீ ஆறு முழுங்குவ” என்றாள். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எஸ்தர் அம்மாள் சிரிக்கவில்லை. நிலைப்படியிலிருந்தே பேசினார். குரல் உயரவில்லை.

“அன்னிக்கே மாவுன்னு சொல்லியிருக்கலாமில்ல ஐயா? அழகா கீதுன்னீங்க. மாவுன்னு சொல்லலயே.”

ஐயா, அம்மா, என் வாழ்நாளில் எத்தனையோ அறிஞர்கள் என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதற்கு இணையான ஒன்றை நான் எதிர்கொண்டதில்லை. செல்வராணி எழுந்து போய், எஸ்தர் அம்மாளின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தாள். “எனக்கு ரசம் வச்சித் தாங்கம்மா. ஆஸ்பத்திரி ரசம் வெறும் சுடுதண்ணி” என்றாள்.

கிறிஸ்துமஸ் அன்று நான் பிள்ளைப்பாக்கத்துக்குப் போயிருந்தேன். அண்டாவின் முன், ஆவிக்குள் பாதி மறைந்து, நீண்ட கரண்டியோடு நின்றவர் எஸ்தர் அம்மாள்தான்.

ஒரு சீட்டு

அன்றே அவரிடம் ஒரு காகிதத்தைக் காட்டினேன். இனி ஒவ்வொரு பாட்டிலிலும் ஒட்டுவதற்காக நான் எழுதியது: “இப்புட்டியினுள் இடப்பட்டுள்ள வேதிப்பொருளானது பரிசோதனையின் பொருட்டு அமைந்ததாகலின், அதனை அகற்றுதல் கூடாது.”

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

“இத்த படிச்சி முடிக்கறதுக்குள்ள நான் கழுவியே வச்சிருப்பேன் ஐயா. ‘அழுக்கு இல்ல, மருந்து. கழுவாதீங்க.’ அம்மாந்தான். எழுதுங்க.”

அவர் சொன்னபடியே அச்சடித்தோம். பின்னாளில் கிருமிகளைப் பற்றி நான் சிறுநூல்கள் எழுதினேன், வானொலியிலும் பேசினேன். ஆயினும் பொதுமக்களுக்காக நான் வெளியிட்ட முதல் எழுத்து, என் பெயரில்லாத அந்தச் சீட்டுதான். அதுவும் என்னுடையதன்று.

அந்தச் சீட்டில் ஒன்றும், சரியான அறிக்கையும், தவறான அறிக்கையும் ஒரே உறையில் என் மேசையில் இருக்கின்றன. தவறானதைக் கிழித்துவிடலாமே என்று பலர் சொன்னார்கள். அது இல்லையேல் எஸ்தர் அம்மாள் எதற்காக அந்தப் பனிக்காலத்தில் பழி சுமந்தார் என்பது யாருக்கும் விளங்காது. எனக்கு வயதாகிவிட்டது, உறைகள் தொலையக்கூடும். ஆகவே இந்தப் பக்கத்தைத் தயவுசெய்து எடுத்து வைத்திருங்கள்.